கடற்கரைப் பாட்டுப் படத்தில் பெற்றோருக்கும் ஓர் இடம் வையுங்கள்

டிஸ்னி நிறுவனத்தில் இளையோர் திரைப்படங்களை உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம். 2013 ஜூலை 19 அன்று டிஸ்னி சேனலில் நீங்கள் முதன்முறையாக ஒளிபரப்பிய ‘டீன் பீச் மூவி’யை, அது வந்து பல ஆண்டுகள் கழித்துத் தன் மகளோடு பார்த்து, பிறகும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தந்தை எழுதும் திறந்த மடல் இது. முதல் ஒளிபரப்பையே அமெரிக்காவில் ஏறத்தாழ 84 லட்சம் பேர் பார்த்தார்கள் என்பதால் அந்தப் படத்துக்கு என் பாராட்டு தேவையில்லை. பதின்பருவத்தினருக்கென்றே எடுத்த படத்தில் பெற்றவரும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவருக்காக ஒருவர் பொறுத்துக்கொள்ளாமல், இருவருமே மகிழும்படி ஓர் இடம் வைத்திருந்தீர்கள். அந்த இடத்தை இனி எடுக்கும் படங்களிலும் காக்க வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

அந்த இடம் தற்செயலாக அமைந்துவிடவில்லை. கதையின் தொடக்கத்திலேயே அதற்கான விதை இருக்கிறது. தாயை இழந்த மெக் என்ற பெண் கடற்கரையில் தாத்தாவோடு வாழ்கிறாள். அவளைத் தொலைதூரப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல உறவுப் பெண்மணி ஒருவர் வந்து நிற்கிறார். அந்த வேளையில் தாத்தாவின் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது 1962ஆம் ஆண்டுப் படமாகச் சொல்லப்படும், நீங்களே கற்பனை செய்த ‘வெட் சைட் ஸ்டோரி’. அந்தப் படத்தின் மீது உயிரையே வைத்திருப்பவன் மெக்கின் தோழன் பிரேடி. மெக்குக்கோ அது பிடிப்பதில்லை; கடலிலிருந்து எழுந்து வருபவர்களின் தலைமுடி நனையாமல் இருப்பதையும், பேசிக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று பாடத் தொடங்குவதையும் அவளால் ஏற்க முடியவில்லை. ஒரு முதியவரும் ஓர் இளைஞனும் ஒரே பழைய படத்தை ஒரே விருப்பத்தோடு பார்க்கும் வீட்டிலிருந்துதான் உங்கள் கதை புறப்படுகிறது. மறுநாள் பேரலையில் சிக்கி, மெக்கும் பிரேடியும் அந்தப் பழைய படத்துக்குள்ளேயே போய் விழுகிறார்கள்.

அங்கே அலைச்சறுக்கு வீரர்களுக்கும் மோட்டார் சைக்கிள் கூட்டத்துக்கும் நடக்கும் பகை, 1961இல் வெளிவந்த ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யை நினைவூட்டும் வகையில் அமைந்திருப்பது பெரியவர்களுக்குப் புரிகிறது. அந்த மோட்டார் சைக்கிள் கூட்டத்தின் பெயரும், தோல் சட்டையும், வெற்று மிரட்டலும், 1963இல் வந்த ‘பீச் பார்ட்டி’ என்ற கடற்கரைப் படத்தில் ஹார்வி லெம்பெக் நடித்த எரிக் வான் ஜிப்பர் என்ற தலைவனின் கூட்டத்தை நினைத்துச் செய்தவை என்பதும் அப்படியே. பிள்ளைகளுக்கு இவை எதுவும் தெரிய வேண்டியதில்லை. பெரிய உணவகத்தில் இரு கூட்டமும் எதிரெதிரே ஆடிப் பாடும் காட்சியில் என் மகள் எழுந்து நின்று ஆடினாள். அதே காட்சியில் எனக்குக் கிடைத்தது வேறொரு மகிழ்ச்சி. முழு உடலும் தெரியும்படி கேமராவை நிறுத்தி ஆட்டத்தைக் காட்டியவர் இயக்குநர் ஜெஃப்ரி ஹார்னடே. 1983இல் ‘ஃப்ளாஷ்டான்ஸ்’ படத்துக்கு நடனம் அமைத்தவர் அவர் என்பதால், அந்தத் தேர்ச்சி இங்கே தெரிவதில் வியப்பில்லை.

தமிழ்ப் படங்களோடு வளர்ந்த எனக்குப் பாத்திரங்கள் நினைத்த இடத்தில் பாடுவது பிறவியிலிருந்தே பழக்கம். அதை ஒருபோதும் கேள்வி கேட்டதில்லை. என் மகளோ மெக்கின் கட்சி. ஏன் பாடுகிறார்கள், யார் இசை வாசிக்கிறார்கள் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் கேட்டாள். பிறகு மெக்கும் பிரேடியும் தங்கள் விருப்பத்துக்கு மாறாகப் பாடத் தொடங்கி, வாயை மூட முயன்றும் முடியாமல் தவிக்கும் காட்சி வந்தபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எதிர்த்தவளே பாடும்படி ஆயிற்று என்று எனக்கு விளக்கவும் செய்தாள். ஒரு கலைவடிவத்தின் மரபை ஏற்காத பிள்ளையை, அந்த மறுப்பையும் மதித்து, சிரிக்க வைத்து உள்ளே அழைத்துக்கொண்ட படம் இது. நான் எத்தனை விளக்கம் சொல்லியிருந்தாலும் அதைச் செய்திருக்க முடியாது.

இந்தக் கடற்கரைப் படங்களின் வரலாற்றை உங்கள் குழுவினரில் பலர் அறிந்திருப்பீர்கள். ஆனாலும் அதில் ஒரு பகுதியை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். 1956 கோடையில் கலிஃபோர்னியாவின் மாலிபு கடற்கரையில் கேத்தி கோனர் என்ற பதினைந்து வயதுப் பெண் அலைச்சறுக்குக் கற்றுக்கொண்டாள். அங்கே கண்டதையும் கேட்டதையும் வீட்டில் வந்து தந்தையிடம் சொன்னாள். தந்தை ஃப்ரெடரிக் கோனர், ஐரோப்பாவிலிருந்து ஹாலிவுட்டுக்கு வந்து சேர்ந்த திரைக்கதை எழுத்தாளர். மகள் சொன்ன கதைகளை வைத்து அவர் 1957இல் ‘கிட்ஜெட்’ நாவலை எழுதினார். 1959இல் அது சாண்ட்ரா டீ நடித்த படமாயிற்று. இந்தப் படவகை முழுவதற்கும் ஊற்றுக்கண் அதுதான் என்று சொல்லலாம். தன் மகள் ஆர்வத்தோடு சொன்னதை ஒரு தந்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டதிலிருந்து பிறந்த வகை, பிற்காலத்தில் பெற்றோரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது என்பதைத்தான் வரலாறு காட்டுகிறது.

அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனம் ஃபிராங்கி அவலானையும் அனெட் ஃபுனிசெல்லோவையும் வைத்து 1963 முதல் எடுத்த கடற்கரைப் படங்களில் தாய் தந்தையர் கண்ணிலேயே படுவதில்லை. ‘பீச் பார்ட்டி’யில் முக்கியமான பெரியவர் ஒரு மானிடவியல் பேராசிரியர், அவர் இளைஞர்களின் பழக்கங்களை ஆராய்ச்சிக்காகத் தொலைநோக்கி வழியாகப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். பிள்ளைகள் எதைக் கண்டு மகிழ்கிறார்கள் என்று விலகி நின்று கவனிக்கும் பெற்றோர் இன்றும் பலர் உண்டு. பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்து, வயதுக்கு ஏற்ற படம்தானா என்று மட்டும் தெரிந்துகொண்டு திரும்பிவிடுவதும் அந்தத் தொலைநோக்கிப் பார்வைதான். உங்கள் 2013ஆம் ஆண்டுப் படம் அந்தத் தூரத்தைக் குறைத்தது.

அனெட்டைப் பற்றி இன்னும் ஒன்று. 1955இல் ‘மிக்கி மவுஸ் கிளப்’ நிகழ்ச்சிக்காக வால்ட் டிஸ்னி தேர்ந்தெடுத்து வளர்த்த சிறுமி அவர். 1987இல் ‘பேக் டு த பீச்’ படத்தில் அவரும் ஃபிராங்கியும் மகனோடு கடற்கரைக்குத் திரும்பி வரும் பெற்றோராக நடித்தார்கள். நீண்ட காலம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோயோடு வாழ்ந்து, 2013 ஏப்ரல் 8 அன்று அவர் காலமானார். உங்கள் படம் ஒளிபரப்பாக அப்போது மூன்று மாதங்கள்தான் மீதமிருந்தன. இவையெல்லாம் உங்கள் வீட்டுக் கதை. இதை உங்கள் ஓடிடி தளத்தில் படத்தோடு சேர்த்துப் பத்து நிமிடக் குறும்படமாகவாவது ஏன் தரக்கூடாது? ‘வெட் சைட் ஸ்டோரி’யின் நாயகி லேலாவின் கூந்தல் அலங்காரமும் உடையும் எங்கிருந்து வந்தன என்று ஒரு பிள்ளை கேட்டால், பதில் சொல்ல அது ஒரு வழியாக இருக்கும்.

லேலாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனமில்லை. பழைய படத்தின் நாயகியான அவளுக்கு அலையில் சறுக்க ஆசை. ஆனால் அவள் வாழும் கதையில் பெண்கள் கரையில் இருந்து கைதட்ட வேண்டும். ஆண்கள் செய்வதைப் பெண்களும் செய்யலாம் என்று மெக் அவளிடம் சொல்கிறாள். இங்கே என் மகள் படத்தை நிறுத்தச் சொல்லி, அந்தக் காலத்தில் உண்மையாகவே பெண்களை விடமாட்டார்களா என்று கேட்டாள். 1956லேயே மாலிபுவில் பலகையோடு கடலில் இறங்கிய கேத்தி கோனரைப் பற்றி அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். தடை எந்த அளவுக்குக் கடலில் இருந்தது, எந்த அளவுக்குத் திரைக்கதை எழுதியவர்களின் மனத்தில் இருந்தது என்று இருவரும் நெடுநேரம் பேசினோம். தனியாகப் பார்த்திருந்தால் அவளுக்கு அந்தக் கேள்வி எழுந்திருக்கும். கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இருந்திருக்க மாட்டார்.

2015 ஜூன் 26 அன்று வந்த இரண்டாம் படத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்கிறேன். லேலாவும் அவள் படத்தின் நாயகன் டேனரும் இந்தக் காலத்துக்கு வந்து வியப்படையும் பகுதிகள் கலகலப்பானவை. ஆனால் பள்ளிக்கூட நடைபாதைகளில் கதை நெடுநேரம் சுற்றுவதால் கடலும் தாத்தாவும் பின்னுக்குப் போகிறார்கள். பெரியவர்கள் மகிழ்ந்து நின்ற இடம் அங்கே குறுகிவிடுகிறது. முடிவில் லேலா தன் படத்தின் கதையையே மாற்றிவிட, மெக்கும் பிரேடியும் ஒருவரையொருவர் அறியாதவர்களாகி, மீண்டும் புதிதாகச் சந்திக்கிறார்கள். துணிச்சலான முடிவு. என் மகளால் அதைத் தாங்க முடியவில்லை. சேர்ந்து கழித்த நாட்கள் யாருக்கும் நினைவில் இல்லாவிட்டால் அவை எங்கே போயின என்று கேட்டு அழுதாள். இருவருக்கும் நினைவில்லை, நமக்கு நினைவிருக்கிறதே என்று அவளிடம் சொன்னேன். பார்வையாளரை நம்பி அப்படி ஒரு முடிவை வைத்ததற்காக உங்கள் எழுத்தாளர்களை மதிக்கிறேன். என்றாலும், அந்தச் சந்திப்புக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லும் மூன்றாம் படத்துக்காக என் வீட்டில் இன்னும் காத்திருக்கிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. மூன்றாம் படமோ, வேறொரு கடற்கரைப் பாட்டுப் படமோ எடுத்தால், அதில் பெரியவர்களை வில்லனாகவும் கோமாளியாகவும் மட்டும் வைக்காமல், அந்தத் தாத்தாவைப் போல இளையவர்களின் விருப்பத்தில் பங்குகொள்பவர்களாகவும் எழுதுங்கள். பழைய இசைக்கும் பழைய ஆட்டத்துக்கும் இடம் கொடுங்கள். பிள்ளைகள் பழமையைக் கண்டு ஓடுவதில்லை, யாரும் அறிமுகம் செய்யாத பழமையைத்தான் கடந்து போகிறார்கள். இரண்டு படங்களுக்கும் பாடல் வரிகள் திரையில் ஓடும் பதிப்பு ஒன்றை உங்கள் தளத்தில் எப்போதும் கிடைக்கும்படி வையுங்கள். பாட்டின் சொற்கள் தெரியாததால் வாய்க்குள் முணுமுணுக்கும் என்னைப் போன்ற பெற்றோரும் பிள்ளைகளோடு சேர்ந்து வாய்விட்டுப் பாட அது உதவும்.

அன்புடன்,
ஒரு தந்தை