முட்டி எந்தப் பக்கம் வலிக்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை போன தடவைக்கு இப்போது குறைந்திருக்கிறது. பின்கட்டு ஓடு மாற்றியாயிற்று. போன் பண்ணினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்கா தன் போனில் உன் படங்களைக் காட்டினாள். முட்டுக்காடு பாலத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கிறாய். இளைத்துப்போய்விட்டான் என்றாள் அம்மா. எனக்குக் கண் முதலில் சைக்கிள் மேல்தான் போனது. மெல்லிய டயர், வளைந்த ஹேண்டில்பார், பின்னால் அடுக்கடுக்காகப் பல்சக்கரம். நாற்பது வருஷம் கறுப்பு ஹெர்குலிஸுக்குப் பஞ்சர் ஒட்டியவன் பிள்ளை இப்படி ஒரு வண்டி வைத்திருக்கிறான் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். இன்னொரு படத்தில் ஓட்டிக்கொண்டு வருகிறாய். பெடல் அடியில் இருக்கிறது, முட்டியோ நன்றாக மடங்கியே நிற்கிறது. சீட் தாழ்வு தம்பி. இரண்டு நாளாக அதுதான் மனதில் ஓடுகிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கு. கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தை வைத்து மிதித்தால் முட்டியில் லேசான மடிப்பு மட்டும் இருக்கும். முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடினாலோ சீட் உயரம். ஒரேயடியாக ஏற்றிவிடாதே. ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டர், இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார், பிறகு மறுபடியும். உனக்கு எந்தப் பக்கம் வலிக்கிறது? அக்காவிடம் வலி என்று மட்டும் சொன்னாயாம்.

கனமான கியரில் போட்டு அமுக்கி அமுக்கி மிதிப்பதும் முட்டியைத் தின்றுவிடும். லேசான கியரில் நிமிஷத்துக்கு 80, 90 சுற்று வருகிற மாதிரி காலை ஓடவிடு. முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னாலும் பெரியது என்று போடாதே, செயின் குறுக்கே இழுபட்டுத் தேயும். புது வண்டியில் சில வாரத்துக்குள் கியர் தடுமாறும். கேபிள் படிந்து தளர்வதுதான் காரணம், பயப்படாதே. பின்சக்கரத்துப் பக்கம் கியர் மாற்றுகிற கருவிக்குள் கேபிள் நுழைகிற இடத்தில் ஒரு திருகு இருக்கும், கால் சுற்று திருப்பினால் சரியாகிவிடும்.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகிறதாமே. உள்ளங்கையின் அடியில், சுண்டு விரல் பக்கமாக ஓடுகிற நரம்பு அமுங்குகிறது. முழங்கையை விறைப்பாக வைக்காதே, கையை இடம் மாற்றிக்கொண்டே இரு. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிப் பாரமெல்லாம் கைக்குப் போகும். அதையும் பார். எல்லாம் சீட்டில் வந்துதான் நிற்கிறது.

அடிக்கடி பஞ்சர் என்றாயே, டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்ததா? அப்படியானால் காற்று குறைவு. பள்ளத்தில் இறங்கும்போது ரிம் டியூபைக் கடித்துவிடுகிறது. நம் பழைய வண்டி மாதிரி கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் இதில் தெரியாது. அளவுமுள் வைத்த பம்பு வாங்கு. 25 மில்லிமீட்டர் டயர் என்றால் உன் எடைக்குக் காற்று 80, 90 பவுண்டு பக்கம் வேண்டும், டயர் ஓரத்தில் போட்டிருக்கிற அளவைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் பங்க் குழாய் அந்த மெல்லிய வால்வில் உட்காராது, சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும். ஒரே ஓட்டையாக இருந்தால் டயரின் உட்பக்கத்தைத் துணியால் தடவிப் பார். முள் அங்கேயே குத்திக்கொண்டு இருக்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அடுத்த தெருவில் திரும்பவும் இறங்கும்.

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்வரத் தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கும். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போகிறாயாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் வழியில் சாப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். வாழைப்பழம், கடலைமிட்டாய் போதும். பசி தெரிந்த பிறகு சாப்பிட்டால் நேரம் கடந்துவிடும், கண் இருட்டிக்கொண்டு வரும்.

அந்தப் பாலத்துப் படத்தில் உன் நிழல் காலடியிலேயே கிடந்தது. உச்சி வெயில். செவ்வாய்க்கிழமை எடுத்தது என்று அக்கா சொன்னாள். வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

முட்டி வலித்தால் சொல். ஏன் திரும்பத் திரும்ப இதையே எழுதுகிறேன் என்றால், எட்டாவது படிக்கும்போது நீ என்னிடம் சொன்னாய். அந்த 22 அங்குல வண்டியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். ஒருநாள் கடைக்கு வந்து "முட்டிக்குப் பின்னாடி வலிக்குதுப்பா" என்றாய். நாலு பேர் நின்றிருந்தார்கள். "சைக்கிள் கடைக்காரன் பிள்ளை பேசுற பேச்சாடா இது?" என்று கத்தினேன். உனக்குச் சரியான சின்னச் சைக்கிள் கடையிலேயே இருந்தது தம்பி. மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காசு எனக்குத் தேவைப்பட்டது. முகம் தெரியாத ஆள் வாடகைக்கு எடுத்தாலும் சீட்டை அவன் உயரத்துக்கு வைத்துக் கொடுத்துத்தான் அனுப்புவேன். உன் வண்டியில் சீட் அதற்குக் கீழே இறங்காது என்று தெரிந்தே உன்னை அனுப்பினேன். நீ இடுப்பை ஆட்டி ஆட்டி மிதித்துப் போவதைத் தினமும் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நீ எதையும் என்னிடம் சொல்லவில்லை. அந்தக் காய்ச்சல் வந்ததுகூட மூன்றாம் நாள்தான் தெரிந்தது. காலேஜ் விஷயம் ஊரார் சொல்லி வந்தது. அப்போதும் உன்னைத்தான் திட்டினேன். இத்தனை வருஷம் ஆகிவிட்டது இதை எழுத.

இந்த மாதம் பணம் அனுப்பாதே. அம்மா மருந்து வாங்கியாயிற்று. அடுத்த மாதமும் வேண்டாம், கடை வாடகை வருகிறது.

சைக்கிளோடு ஒரு நடை வந்துவிட்டுப் போ. சக்கரம் லேசாகக் கோட்டமாக இருக்கிற மாதிரி படத்தில் தெரிகிறது. போக்ஸ் கம்பியை முறுக்கிக் கோட்டம் எடுத்துத் தருகிறேன், சீட்டையும் நானே நின்று வைத்துத் தருகிறேன். ராத்திரி உழவன் ரயிலில் ஏறினால் விடியுமுன் கும்பகோணம். ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்பேன். எந்தக் கிழமை வந்தாலும் சரி.

அன்புடன்,
அப்பா

ரயிலில் ஏற்றப் பெடலைக் கழற்றினால், இடது பெடல் எதிர்த் திருகு. வலம் சுற்றினால்தான் கழலும். பலம் போட்டு மறையைக் கெடுத்துவிடாதே.