டிரைவிங் அயர்னா, ஹைபிரிட்டா?

அன்புள்ள நளினிக்கு,

நீ அனுப்பிய இரண்டு கோல்ஃப் மட்டைகளின் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். டிரைவிங் அயர்ன் அழகாகத்தான் இருக்கிறது. மெல்லிய தலை, கூரான விளிம்பு, கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. பக்கத்தில், அயர்னுக்கும் மர மட்டைக்கும் நடுவில் பிறந்த ஹைபிரிட் பருத்துப்போய், யாரும் சீந்தாமல் நிற்கிறது. அழகுக்கு ஓட்டுப் போடச் சொன்னால் நானும் அயர்னுக்குத்தான் போடுவேன். ஆனால் நீ கேட்டது எதை வாங்குவது என்று. ஹைபிரிட்டை வாங்கு. காரணத்தைச் சற்று நீட்டித்தான் சொல்வேன். ஓய்வுபெற்ற இன்ஜினீயர் எதையும் சுருக்கமாகச் சொல்லி நீ எப்போது கேட்டிருக்கிறாய்?

இரண்டிலும் லாஃப்ட், அதாவது பந்தைத் தொடும் முகப்பின் சாய்வு, ஏறக்குறைய ஒன்றுதான், 18 டிகிரி, 20 டிகிரி என்று இருக்கும். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் சங்கதி. ஹைபிரிட்டின் தலை முன்னிருந்து பின்னாக அகலமானது. அதன் எடைமையம் முகப்பிலிருந்து தள்ளி, பின்னாலும் கீழேயும் இருக்கிறது. அதனால் பந்து சிரமமில்லாமல் எழும்புகிறது; அடி நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தலை அதிகம் திருகிக்கொள்வதில்லை. டிரைவிங் அயர்னின் உள்ளே கூடாக இருந்தாலும் தலை குறுகல். எடை முகப்பை ஒட்டியே நிற்கிறது. பந்து தாழ்வாகக் கிளம்பி, குறைந்த சுழற்சியோடு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். வேகமாக வீசுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். வேகம் போதாவிட்டால் பந்தை ஆகாயத்தில் நிறுத்திவைக்க ஒன்றும் இல்லை, சீக்கிரமே தரைக்கு வந்துவிடும்.

டிரைவரை, அதாவது பையிலேயே நீளமான மட்டையை, நீ வீசும் வேகம் மணிக்கு 88 மைல் என்று எழுதியிருக்கிறாய். பொழுதுபோக்காக ஆடும் பெண்ணுக்கு அது நல்ல வேகம், பள்ளியில் ஆடிய ஹாக்கி வீண்போகவில்லை. ஆனால் நீ தொலைக்காட்சியில் பார்க்கும் பிஜிஏ டூர் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரி சுமார் 115. அவர்கள் கையில் இருப்பதைப் பார்த்து நாம் கடைக்குப் போகக் கூடாது. இதைவிடப் பெரிய சாட்சியை நீயே போகிற போக்கில் எழுதிவிட்டாய்: உன் 4 அயர்னும் 5 அயர்னும் ஒரே 145 கஜத்தில் விழுகின்றன. எண் குறைந்தால் லாஃப்ட் குறையும், தூரம் கூடவேண்டும். லாஃப்ட் குறைந்தும் தூரம் கூடவில்லை என்றால், அந்த லாஃப்டில் பந்தை மேலே தூக்க உன் வேகம் இன்னும் பற்றவில்லை என்று பொருள். 4 அயர்னே எழும்பாதபோது 18 டிகிரி டிரைவிங் அயர்ன் எப்படி எழும்பும்?

"அப்பா, இங்கே காற்று" என்பாய். ஒப்புக்கொள்கிறேன். ஸ்காட்லாந்தின் டண்டியில் இருக்கிறாய், ஒரு பக்கம் செயின்ட் ஆண்ட்ரூஸ், மறுபக்கம் கார்னூஸ்டி, இரண்டும் கடலோரக் கோல்ஃப் மைதானங்கள். மணல்மேல் இறுகிக் கிடக்கும் புல்தரையில் தாழ்வாகப் போய் உருளும் பந்துக்குத்தான் மரியாதை. 2006இல் இங்கிலாந்தின் ஹாய்லேக்கில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில், தரை காய்ந்து பழுப்பேறிக் கிடந்ததால் டைகர் வுட்ஸ் நான்கு நாளும் சேர்த்து டிரைவரை ஒரே ஒரு முறைதான் எடுத்தார். 2 அயர்னால் அடித்து உருட்டியே ஜெயித்தார். கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் அவர் வேகம் வேறு. உன் வேகத்தில் எதிர்காற்றுக்கு வேறு வழி உண்டு: ஹைபிரிட்டையே ஓர் அங்குலம் கீழே பிடித்து, பந்தைச் சற்றுப் பின்னால் வைத்து, முக்கால் வீச்சு வீசு. முழுக்க டிரைவிங் அயர்ன் போலத் தாழாது; போதுமான அளவு தாழும்.

அதே வுட்ஸை 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் தென்கொரியாவின் ஒய். இ. யாங் வீழ்த்தினாரே, கடைசிக் குழியில் மரத்துக்கு மேலாகத் தூக்கிக் கொடியருகே நிறுத்தினாரே, அது ஹைபிரிட் அடி. உயரப் போய்ச் செங்குத்தாக இறங்கும் பந்துதான் கிரீனில், குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில், நிற்கும். டிரைவிங் அயர்ன் அடிப்படையில் டீயிலிருந்து, அதாவது தொடக்கத்தில் பந்தைச் சிறு குச்சிமேல் வைத்து, அடிக்கும் மட்டை. நமக்கு டீ கிடைப்பது குழிக்கு ஒரு முறை. மிச்சமெல்லாம் பந்து போய்ப் படுத்த இடத்திலிருந்துதான்.

இங்கே சென்னையில் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு ஆடிப் பார்த்தால் இது புரியும். தரை ஊறியிருக்கும், பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். ரஃபில், அதாவது வளரவிட்ட ஓரப் புல்லில், அருகம்புல் இனத்துப் புல் கொடிகொடியாகப் பின்னிக்கொண்டு, மேலிருந்து பார்த்தால் பந்தின் வெள்ளை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் தெரியும். அதற்குள் நீள அயர்னை விட்டால் கழுத்தில் புல் சுற்றி முகப்பு மூடிக்கொள்ளும், பந்து இடப்பக்கம் தாழப் பறந்து வேலிவரை போகும். ஹைபிரிட்டின் அகன்ற அடி புல்லில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. என் பையைச் சுமக்கும் உதவியாளர், பந்தை எட்டிப் பார்த்த கணமே, நான் வாயைத் திறக்குமுன் ஹைபிரிட்டின் உறையை உருவிவிடுவார். எனக்குச் சில சமயம் 5 அயர்ன் எடுக்கலாமா என்று சபலம் வரும். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வாங்கிக்கொள்வேன்.

ஹைபிரிட் இடப்பக்கமாக வளைகிறது என்று உன் தோழி பயமுறுத்தினாளாமே? அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஷாஃப்ட் அதே எண்ணுள்ள அயர்னைவிட நீளம், பெரும்பாலும் எடையும் குறைவு. சில தலைகளில் எடை ஷாஃப்ட் சேரும் குதிகால் பக்கம் இருப்பதால் முகப்பு சீக்கிரம் மூடும். சிறிய தலையாக, சற்றுக் கனமான ஷாஃப்டாகக் கேள். கழுத்தில் கோணம் மாற்றும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. முக்கியமாக, அதை மர மட்டை (வுட்) போலப் பெருக்கி அடிக்காதே. அயர்ன் போலக் கீழ்நோக்கி அடி, பந்தில் பட்ட பிறகு புல் கொஞ்சம் பெயரட்டும்.

எண்ணைப் பார்த்து வாங்காதே. ஒரு கம்பெனியின் 4 இன்னொரு கம்பெனியின் 3 ஆக இருக்கும். உன் 5 வுட் 175 கஜம் போகிறது, 5 அயர்ன் 145. நடுவில் 160 போகிற ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அது அநேகமாக 22 டிகிரியை ஒட்டி இருக்கும். கடையில் அளவுக் கருவி வைத்திருப்பார்கள். தூரத்தை மட்டும் காட்டி மயக்குவார்கள். பந்தின் உச்ச உயரத்தையும் இறங்கும் கோணத்தையும் கேட்டு வாங்கு. நன்றாக விழுந்த அடியை விட்டுவிட்டு, சுமாராகப் பட்ட அடிகளைப் பார். 4 அயர்னைப் பையிலிருந்து எடுத்துவிடு, பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது என்ற கணக்கு சரியாகிவிடும்.

இன்னொரு உபயோகமும் உண்டு. 2004இல் உன் நாட்டு ராயல் ட்ரூனில் நடந்த ஓப்பனில் டாட் ஹாமில்டன், கிரீனுக்கு வெளியிலிருந்து ஹைபிரிட்டை, குழிக்குள் உருட்டும் மட்டையான பட்டர் போலப் பிடித்து உருட்டித்தான் எர்னி எல்ஸை, சமநிலையை முறிக்கும் பிளே ஆஃபில் வென்றார். அந்தப் பக்கத்துத் தரைக்கு அது பழகவேண்டிய அடி.

ஹைபிரிட் என்றால் பாதி விலை நான் தருகிறேன், ரசீதை அனுப்பு. டிரைவிங் அயர்ன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் முழுப் பணமும் உன் சம்பளத்தில்.

அன்புடன்,
அப்பா