சங்கிலி போட்டது ஒளிக்கவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் இத்தாலிக் கட்டுரையில், செசேனா நகரின் மலடெஸ்டியானா நூலகப் படத்தின் கீழே, 'சாமானியர் படிக்கக் கூடாதென்று துறவிகள் சங்கிலியால் கட்டிவைத்த புத்தகங்கள்' என்று போட்டிருக்கிறீர்கள். கட்டுரையாளர் அந்தப் பக்கம் ரயிலில்கூடப் போனதில்லை போலிருக்கிறது.

என் மகன் பொலோனியாவில் வேலை பார்த்த சமயம் நான் போயிருக்கிறேன். பிரான்சிஸ்கன் மடத்தில், அந்நகரை ஆண்ட மலடெஸ்டா நொவெல்லோ கட்டிக்கொடுத்து 1454இல் திறந்த நூலகம் அது. 58 மேசைகள், கையெழுத்துப் பிரதிகள் இன்றும் சங்கிலியோடு அதே இடத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் உட்கார்ந்து எடுத்துப் படிக்கலாம், தூக்கிக்கொண்டு போக முடியாது, அவ்வளவுதான். ஒரு பிரதி எழுத மாதக்கணக்கில் ஆன காலம் சார்! கிறிஸ்தவ ஞானி அகுஸ்தீனாரோடு, கிறிஸ்தவரல்லாத பழைய ரோமானிய எழுத்தாளர்கள் சிசரோவும் பிளினியும் இருக்கிறார்கள். பிரபு நூலகத்தை மடத்தின் கையில் மட்டும் விடவில்லை, மேற்பார்வையில் நகராட்சியையும் சேர்த்தார். நெப்போலியன் காலத்தில் மடம் மூடப்பட்ட பிறகும் நூல்கள் சிதறாமல் தப்பியது அதனால்தான். 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தார்களே, சங்கிலியைப் பார்க்காமலா சேர்த்திருப்பார்கள்? தங்களுக்குத் தெரியாததல்ல.

வாசலுக்கு மேல் மலடெஸ்டா குலச் சின்னமான யானையும், 'இந்திய யானை கொசுவுக்கு அஞ்சாது' என்ற லத்தீன் வாசகமும் உண்டு. நம்ம ஊர் யானைக்கு அங்கே கிடைத்த மரியாதை அவர்கள் புத்தகத்துக்கு இங்கே இல்லை.

புத்தகத்தை ஒளிப்பது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் வேலை பார்த்த கல்லூரி நூலகத்தில் சங்கிலி கிடையாது, கண்ணாடி பீரோ. ஒரு ஜமீன் குடும்பம் கொடுத்த பழைய சைவ நூல்கள் உள்ளே, சாவி முதல்வர் அறையில். மாணவர்கள் கண்ணாடி வழியே தலைப்பைப் பார்த்துவிட்டுப் போவார்கள். சாவி கேட்டதற்கு, 'கிழிந்துபோனால் நீங்களா பொறுப்பு?' என்றார்கள். அப்புறம் கிழிக்க அவசியமே இல்லாமல் போயிற்று, கரையான் பார்த்துக்கொண்டது. இதை அப்போதே தங்களுக்கு எழுதினேன். பிரசுரமாகவில்லை. இடமில்லாமல் போயிருக்கும். அந்த இதழில் ஒரு நடிகையின் நாய்க்குட்டிக்கு முழுப் பக்கம் தேவைப்பட்டது.

அடுத்த இதழில் படக்குறிப்புக்கு ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். 'மலட்டேசா' என்று அச்சாகியிருக்கும் பெயரையும் அதோடு சரிசெய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர்,
கும்பகோணம்.