ஃபார்மட் மட்டும் பண்ணிவிடாதே

அன்பு மகன் செல்வத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம்.

அப்டேட் போட்டதிலிருந்து உன் லேப்டாப் திறக்கவில்லை என்று தங்கச்சி சொன்னாள். நீ அனுப்பிய படத்தையும் காட்டினாள். கடையில் எல்லா மெஷினும் உன் லேப்டாப் மாதிரியே, நீ போட்டுக் கொடுத்த உபுண்டு லினக்ஸில்தான் ஓடுகிறது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, போகட்டும்.

படத்தில் ‘கெர்னல் பேனிக்’ என்று இருக்கிறது, அதோடு ‘அன்னேபிள் டு மவுண்ட் ரூட்’ என்றும். அதாவது சிஸ்டத்தின் மையமான கெர்னல், டிஸ்க்கைத் திறக்க முடியாமல் நின்றுவிட்டது. டிஸ்க் போய்விட்டது என்று பயந்துவிடாதே. நீ டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து, அதாவது பாஸ்வேர்டால் பூட்டி, இன்ஸ்டால் பண்ணியவன். அப்படிச் செய்தால், சிஸ்டம் தொடங்கத் தேவையான ஃபைல்கள் இருக்கும் பூட் பார்ட்டிஷன் தனியாக, சின்னதாக இருக்கும். பழைய கெர்னல்கள் சேர்ந்து அது நிரம்பினால், புதிது இறங்கும்போது இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்க ஃபைலை எழுத இடம் இருக்காது. அந்த ஃபைல் இல்லாமல் கெர்னலால் உன் டிஸ்க்கைத் திறக்க முடியாது. பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். உன் ஃபைல்கள் உள்ளே அப்படியே இருக்கும். ஃபார்மட் பண்ணாதே.

ஆன் செய்து லோகோ வந்ததும் எஸ்கேப்பை ஒரே ஒரு தடவை தட்டு. படபடவென்று தட்டினால் ‘கிரப்’ என்று வெறும் கறுப்புத் திரையில் போய் நின்றுவிடும். அப்படி நின்றால் ஆஃப் செய்து மறுபடி தொடங்கு. மெனு வந்ததும் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய், நம்பர் குறைவாக இருக்கும் பழைய கெர்னலைத் தேர்ந்தெடு. அது திறந்துவிடும். திறந்ததும் முதல் வேலை, ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் காப்பி எடுப்பது. அப்புறம் டெர்மினலில் ‘சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கொடுத்தால் பழையவை போய் இடம் கிடைக்கும். பிறகு ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ எல்லாக் கெர்னலுக்கும் ஓட்டு, கடைசியாக, தொடக்க மெனுவைப் புதுப்பிக்க ‘அப்டேட்-கிரப்’. பூட் ஃபோல்டரில் கையால் எதையும் அழிக்காதே. முதலில் காப்பி, அதை மறக்காதே.

பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் மற்ற பிள்ளைகள் விண்டோஸை மட்டும் தொட்டபோது, கூடவே இருந்த ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸைத் திறந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தவன் நீ. உனக்கு இதெல்லாம் தெரியாதா? தெரிந்தும் இதை அப்படியே போட்டு வைத்திருக்கிறாய் என்றால், மனசு எதிலோ இருக்கிறது.

ஆபீஸ் லேப்டாப் இருக்கும்போது இந்தப் பழைய லேப்டாப் இவ்வளவு அவசரமாக ஏன் தேவைப்படுகிறது என்று அம்மா கேட்டாள். ஏதோ சொந்த வேலையாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அந்த டிஸ்க்கில் உன் சர்ட்டிஃபிகேட்டுகள், பழைய பிராஜெக்டுகள் எல்லாம் இருக்கின்றன. யாராவது கேட்டால் உடனே அனுப்ப வேண்டியவை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஃபார்மட் பண்ணாதே.

வெளி டிஸ்க் வாங்க உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும், மிச்சத்தைத் திருப்பி அனுப்பாதே. கடையை எட்டரைக்கு அடைப்பேன், அதற்கப்புறம் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. லேப்டாப் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி.

அப்பா