கரையிலிருந்து தொடங்குங்கள்: நோர்வேயின் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம். நான் 1987இல் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் ஒரு மீன்பிடிக் கிராமத்துக்கு வந்து இறங்கியவள். 11 வருடம் மீன் தொழிற்சாலையில் கத்தியோடு நின்றேன். இப்போது ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்கு உதவி செய்கிறேன். வரலாறு படித்துப் பட்டம் பெற்றவள் இல்லை. ஆனால் இந்தக் கரையை எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன இலையுதிர் காலத்தில் எங்கள் பிள்ளைகள், ஆயிரம் ஆண்டுக்கு முன் இங்கிருந்து கப்பலேறிப் போன வைக்கிங்குகளைப் பற்றி நிகழ்ச்சி ஒன்று செய்தார்கள். மட்டையில் வாள், மட்டையில் கேடயம், தலையில் கொம்பு வைத்த தொப்பி. பெற்றோர் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். முடிந்த பிறகு 8 வயதுப் பையன் ஒருவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டே என்னிடம் கேட்டான்: "அன்ரி, இவங்கள் ஏன் வீட்டில இருக்காமல் கப்பல்ல போனவங்கள்?"

ஒன்றரை மாதம் ஒத்திகை பார்த்த நாங்கள் ஒருவரும் அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. அன்று முதல் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வைக்கிங் பாடம் அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். அதற்குப் பதில் வாளில் இல்லை, கரையில் இருக்கிறது. அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான்: முதலில் கடற்கரையைக் கற்பியுங்கள், வைக்கிங்குகள் அப்புறம் வரட்டும்.

நோர்வேயின் வரைபடம் ஒன்றைத் தரையில் விரித்து, பிள்ளைகளின் கையில் ஒரு நூல்பந்தைக் கொடுத்துப் பாருங்கள். தெற்கிலிருந்து வடக்கு முனை வரை கரையோடு ஒட்டி நூலை வைக்கச் சொல்லுங்கள். மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நுழையும் ஒவ்வொரு நுழைகழிக்குள்ளும் (நொர்ஸ்க் மொழியில் ஃபியூர்) நூல் போய்த் திரும்ப வேண்டும். பாதி வழியிலேயே பந்து தீர்ந்துவிடும். தீவுகளையும் சேர்த்தால் இந்த நாட்டின் கரை 1,00,000 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. பயிர் செய்யக்கூடிய நிலமோ மொத்தப் பரப்பில் 3 சதவீதம் அளவுதான். நிலம் கொஞ்சம், கரை ஏராளம் என்பதைப் பிள்ளை தன் கையாலேயே கண்டுபிடித்துவிடும்.

அந்த நுழைகழிகளை பனியாறுகள் தோண்டின என்பதையும் அங்கேயே சொல்லலாம். சோக்னஃபியூர் நிலத்துக்குள் 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதன் மிக ஆழமான இடம் சுமார் 1,300 மீட்டர். இரண்டு பக்கமும் செங்குத்து மலை. அப்படிப்பட்ட இடத்தில் பக்கத்து ஊருக்குப் போக நடைபாதையைவிடத் தண்ணீர்தான் நல்ல வழி. கரைக்கு வெளியே வரிசையாகத் தீவுகளும் பாறைகளும் நின்று அலையை உடைக்கின்றன. உள்ளே அமைதியான ஒரு நீர்ப்பாதை கிடைக்கிறது. நோர்வே என்ற பெயரே "வடக்கு வழி" என்பதிலிருந்து வந்தது. வழியின் பெயரே நாட்டுக்குப் பெயராகிவிட்டது. இது விளங்கினால், பிள்ளை அடுத்த முறை கப்பலைப் பார்க்கும்போது அது அந்தக் காலத்து மனிதனின் மாட்டுவண்டி என்பதும் விளங்கும்.

அடுத்தது பெயர்கள். இதில்தான் தமிழ்ப் பாடசாலையால் நோர்வேப் பாடசாலை செய்ய முடியாததைச் செய்ய முடியும் என்று நான் நம்புகிறேன். 'விக்' என்றால் குடா. 'நெஸ்' என்றால் முனை. 'ஓய்', 'ஓ' என்றால் தீவு. 'ஹாம்ன்' என்றால் துறை. நார்விக், லார்விக் என்று சொல்லும் வாய்க்குப் பக்கத்திலேயே பாசிக்குடாவும் கற்குடாவும் இருக்கின்றன. வார்டோ, வாட்சோ, துரொம்சோ எல்லாம் தீவுப் பெயர்கள், நயினாதீவையும் நெடுந்தீவையும் போல. மேஹாம்ன் ஒரு துறை, பருத்தித்துறையும் ஒரு துறை. கல்முனை தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு நெஸ் என்றால் என்ன என்று இரண்டாம் தடவை சொல்லத் தேவையில்லை. வைக்கிங் என்ற சொல்லே 'விக்' என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. ஒரு சனிக்கிழமை முழுவதும் இந்தப் பெயர்களோடு மட்டும் இருங்கள். அம்மம்மா எந்த ஊர், அந்த ஊர்ப் பெயரில் கடல் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள்.

இனி ஒத்தாரின் கதை. இதைச் சொல்லத்தான் இந்த மடலையே தொடங்கினேன் என்று சொன்னாலும் சரி.

சுமார் 890ஆம் ஆண்டு. ஒத்தார் என்ற நோர்வே மனிதர் இங்கிலாந்தில் வெசெக்ஸ் அரசர் அல்ஃபிரட்டின் முன்னால் நின்று தன் பயணத்தைச் சொல்கிறார். அரசரைச் சேர்ந்தவர்கள் அதைப் பழைய ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்கள், அந்த எழுத்து இன்றும் இருக்கிறது. நோர்வே மக்களிலேயே மிக வடக்கே வாழ்பவன் நான் என்கிறார். நிலம் வடக்கே எவ்வளவு தூரம் போகிறது, அதற்கப்பால் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க ஆசைப்பட்டுக் கப்பலை எடுத்தாராம். வல்றஸ் என்ற கடல்விலங்கின் தந்தமும், கப்பல் கயிறு திரிக்க அதன் தோலும் தேவைப்பட்டன என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். கரை வலப்பக்கம், விரிந்த கடல் இடப்பக்கம். 3 நாள் ஓடியபோது திமிங்கில வேட்டைக்காரர் திரும்பும் இடம் வந்தது. இன்னும் 3 நாள். அங்கே கரை கிழக்கே மடங்கியது. அவர் உடனே திரும்பவில்லை. மேற்கிலிருந்து, கொஞ்சம் வடக்கு கலந்து வீசும் காற்றுக்காகக் காத்திருந்தார். காற்று வந்ததும் 4 நாள் கிழக்கே. பிறகு கரை தெற்கே மடங்கியது. நேர் வடக்குக் காற்றுக்காகத் திரும்பவும் காத்திருந்து, 5 நாள் ஓடி, ஒரு பெரிய ஆற்றின் வாயை அடைந்தார்.

வரைபடத்தில் விரலை வைத்து இதைத் தொடர்ந்து போனால் விரல் எந்த இடத்தைத் தாண்டுகிறது தெரியுமா? வட முனையைச் சுற்றி, ஹொன்னிங்ஸ்வோக், மேஹாம்ன், போட்ஸ்ஃபியூர், வார்டோ. 1980களில் நாங்கள் வந்து இறங்கிய கரை அது. நொர்ஸ்க் மொழியில் ஒரு வசனம் ஒழுங்காகப் பேச வருமுன்னே எங்கள் வாயில் இருந்த ஊர்ப் பெயர்கள் அவை. ஒத்தார் காத்திருந்த அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று சொல்லக்கூடிய ஆட்கள் நம் பாடசாலை வாசலில் காருக்குள் இருந்து பேரப்பிள்ளைக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களை உள்ளே கூப்பிடுங்கள். வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்த ஊரிலிருந்து வந்தவர்கள் அவர்கள். எந்தக் காற்றில் பாய் எடுக்கலாம், எதில் கூடாது என்று ஒரு பழைய மீனவர் 10 நிமிடம் கதைத்தால் போதும். ஒத்தார் ஏன் காத்திருந்தார் என்பது பிள்ளைக்குப் பதிந்துவிடும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த வடகரை ஆளில்லாத நிலம் இல்லை. மீன் பிடிக்கும், பறவை பிடிக்கும், வேட்டையாடும் சாமி என்ற வடக்கின் பழங்குடி மக்களை அங்கே கண்டதாக ஒத்தாரே சொல்கிறார். அவர்களிடமிருந்து தோல், இறகு, கயிறு எல்லாம் திறையாக வாங்கியதாகவும் சொல்கிறார். தன் செல்வத்தில் பெரும்பங்கு அதுதான் என்கிறார். சாமி மக்கள் இல்லாமல் வடக்கின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை.

பிறகு கருவாடு. வட நோர்வேயின் லொஃபோத்தன் தீவுகளுக்கு ஒவ்வொரு ஆண்டும் தை, மாசியில் பாரென்ட்ஸ் கடலிலிருந்து கொட் மீன் முட்டையிட வருகிறது. அத்திலாந்திக்கின் வெப்ப நீரோட்டம் அந்தக் கரையைத் தொட்டுப் போவதால், அவ்வளவு வடக்கிலும் கடல் உறைவதில்லை. குளிரும் மிதமாக, உறைநிலையை ஒட்டியே நிற்கிறது. அதனால் உப்புப் போடாமல், மரச்சட்டத்தில் தொங்கவிட்டாலே மீன் காய்ந்துவிடும். ஈ வராத குளிர், புழு வைக்காத காற்று. நம் ஊரில் உப்பும் வெயிலும் செய்யும் வேலையை அங்கே காற்றே செய்கிறது. இன்றைய ஜெர்மனியின் வடபகுதியில் ஹேடபி என்ற வைக்கிங் காலச் சந்தை நகரில் கிடைத்த கொட் மீன் எலும்புகளின் மரபணுவைச் சோதித்து 2017இல் ஆய்வு ஒன்று வந்தது. அந்த மீன் வட நோர்வேக் கடலின் மீன். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே லொஃபோத்தன் பக்கத்துக் கருவாடு கடல் கடந்து விற்பனைக்குப் போயிருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. வகுப்புக்கு ஒரு துண்டு கொண்டு போங்கள். பிள்ளைகள் முகர்ந்து பார்க்கட்டும், மூக்கைச் சுளிக்கட்டும், கடித்தும் பார்க்கட்டும். லொஃபோத்தனில் போர்க் என்ற இடத்தில் 83 மீட்டர் நீளமான வைக்கிங் காலத் தலைவர் வீட்டின் அடித்தடம் கிடைத்ததையும் அப்போது சொல்லுங்கள். அவ்வளவு பெரிய வீடு அந்த வடக்கில் எப்படி எழுந்தது என்று பிள்ளை கேட்டால், கையிலிருக்கும் துண்டைக் காட்டிக் கதையைத் தொடங்கலாம்.

கப்பலைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, புத்தகங்களில் நிறைய இருக்கிறது. 1880இல் ஒரு புதைகுழியிலிருந்து தோண்டி எடுத்த கொக்ஸ்தாட் கப்பல் 23 மீட்டர் நீளம், 16 சோடித் துடுப்பு. அவ்வளவு பெரிய கப்பலுக்குக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் போதும் என்பதுதான் முக்கியம். கடலையும் தாண்டும், ஆற்றிலும் ஏறும், துறைமுகம் இல்லாத மணலிலும் ஒதுங்கும். 1904இல் எடுத்த ஊசபேர்க் கப்பலில் அடக்கம் செய்யப்பட்டிருந்தவர்கள் இரண்டு பெண்கள் என்பதைப் பெண்பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பாய்களை ஆட்டு உரோமத்தில் நெய்தவர்களும் பெண்கள்தான். கொக்ஸ்தாட் புதைகுழியில் மயில் எலும்புகளும் இருந்தன. நம் தேசத்துப் பறவை, எத்தனை கை மாறி அங்கே போனதோ. இதைச் சொன்ன அன்று என் வகுப்பில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை.

அந்தக் கொம்புத் தொப்பியை மட்டும் இனி வேண்டாம் என்று தாழ்மையாகக் கேட்கிறேன். 1943இல் யெர்முண்ட்பூ என்ற இடத்தில் கிடைத்த வைக்கிங் தலைக்கவசத்தில் கொம்பு இல்லை. கொம்பு 19ஆம் நூற்றாண்டு மேடை உடைகளால் பரவியது. அதே மட்டையில் ஒரு கப்பலின் ஏராவையும் (அடிமரம்) அணியத்தையும் (முன்பக்கம்) பிள்ளைகள் வெட்டி ஒட்டலாமே.

கொள்ளையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தில் நடந்தது கொலையும் கொள்ளையும்தான். மனிதர்களைப் பிடித்து அடிமையாக விற்றார்கள், டப்ளினில் அதற்குச் சந்தையே இருந்தது. நிகழ்ச்சிகளில் நாம் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றி வாள் கொடுக்கிறோம், கரையில் நிற்பவராக ஒரு பிள்ளையைக்கூட நிறுத்துவதில்லை. நம் வீடுகளில் கடல்வழியாக ஓடி வந்தவர்கள் இருக்கிறார்கள். ஊரைவிட்டு இரவில் வெளிக்கிட்ட கதை தெரியாத குடும்பம் நம்மிடையே குறைவு. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு, தூரத்தில் பாய் தெரியும்போது கரையில் நின்ற தாய் என்ன நினைத்திருப்பாள் என்று கேட்கும் தகுதி உண்டு. அவர்களை அந்தக் கேள்வியிலிருந்து காப்பாற்றத் தேவையில்லை. மெதுவாக, அவர்கள் வயதுக்கு ஏற்றபடி கேட்கலாம்.

கடைசியாக ஒரு பயணம். ஒஸ்லோவின் கப்பல் அருங்காட்சியகத்தை விரிவாக்கத்துக்காக 2022இல் மூடியபோது, இனி எங்கே கூட்டிப் போவது என்று சிலர் கேட்டார்கள். லார்விக்குக்குப் பக்கத்தில் கௌபாங் இருக்கிறது. சுமார் 800ஆம் ஆண்டில் எழுந்த சந்தை ஊர். இரவில் தங்கித் தங்கி வந்தால், நாள்தோறும் நல்ல காற்று இருந்தாலும் தன் வீட்டிலிருந்து ஒரு மாதத்துக்குள் வந்து சேர முடியாது என்று ஒத்தார் சொல்லும் துறை இதுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அன்று கடல்மட்டம் அங்கே இன்றைக்கு இருப்பதைவிட 3 மீட்டருக்கு மேல் உயரத்தில் நின்றது. பனிக்கட்டியின் பாரம் இறங்கியதால் நிலம் இன்னும் மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறது. அன்று கப்பல் நின்ற இடம் இன்று வயல். பிள்ளைகளை அந்த வயலில் நிறுத்தி, பழைய கரை எங்கே போயிருக்கும் என்று கயிறு பிடிக்கச் சொல்லலாம். போகும் வழியில் தொன்ஸ்பேர்க் துறைமுகத்தில் ஊசபேர்க் கப்பலைப் போலவே கட்டி 2012இல் நீரில் இறக்கிய கப்பலையும் பார்க்கலாம்.

வரும் வைகாசியில் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். தரையில் விரிக்கப் பெரிய துணி வரைபடம் ஒன்றை நானே தைத்து வைத்திருக்கிறேன், நூல்பந்தும் இருக்கிறது. ஃபின்மார்க்கில் என்னோடு வேலை செய்த இருவர் வந்து கதைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் பெற்றோர் கூடி ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தக் கேள்வி கேட்ட பையனிடம், வைகாசி வரை பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சின்ன வகுப்புகளின் உதவி ஆசிரியை ஒருத்தி