கெம்புக்கல் பதித்தவன் எழுதும் நன்றி மடல்

வடசேரியிலும் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கலைஞர்களுக்கும், கண்காட்சிக்கு வந்திருந்த ஊர்மக்களுக்கும் வணக்கம்.

நாட்டியப் பள்ளியின் கூடத்தில் மூன்று நாள் நடைபெற்ற கோயில் நகைக் கண்காட்சி நல்லபடியாக நிறைவேறியது. வந்தவர்கள் பலரும் என் கையைப் பிடித்துப் பாராட்டிச் சென்றார்கள். அந்தப் பாராட்டில் பாதிக்கு மேல் பிறருக்குச் சேர வேண்டியது என்பதால், அதை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

முதலில், பாட்டி காலத்துப் பெட்டிகளைத் திறந்து, சீட்டுகூட எழுதி வாங்காமல் நகைகளைத் தந்த குடும்பங்களுக்கு நன்றி. அவற்றுள், தலையின் பின்புறம் அணியும் ராக்கொடி ஒன்றில் கல் உதிர்ந்த இடத்தில் கறுப்பாக அரக்கு தெரிந்தது. அதைச் சரிசெய்து தரட்டுமா என்று கேட்டபோது, கண்காட்சி முடியும்வரை அப்படியே இருக்கட்டும் என்று அவ்வீட்டார் சொன்னது எவ்வளவு நல்ல யோசனை என்பது பிறகுதான் விளங்கியது. முழுவதும் தங்கம் என்று நினைத்து வந்தவர்கள் அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் எங்கள் வேலையைப் புரிந்துகொண்டார்கள். வெள்ளித் தகட்டில் கூடு கட்டி, அதில் அரக்கை நிரப்பி, சூட்டில் இளகச் செய்து கல்லை இருத்தி, கல்லின் விளிம்பைச் சுற்றித் தங்கரேக்கு என்னும் மெல்லிய பொன்தகட்டை அழுத்தி மெருகு தேய்ப்பதுதான் எங்கள் தொழில். கோயில்களில் உள்ள பழைய திருவாபரணங்களில் பர்மா மாணிக்கங்கள் உண்டு. இன்று நாங்கள் பதிக்கும் கெம்பு என்னும் சிவப்புக் கல் பெரும்பாலும் செயற்கைக் கல்தான். இதை மறைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

அடுத்து, அந்தப் பள்ளியின் நாட்டிய ஆசிரியைக்கு நான் பட்ட கடன். பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய மாணவி ஒருத்தியின் அரங்கேற்றத்துக்கு, பின்னலின் மேல் அணியும் ஜடைநாகம் ஒன்று செய்து கொடுத்தேன். பட்டறையில் தொங்கவிட்டுப் பார்த்தபோது நாகத்தின் படம் முதல் குஞ்சலம் வரை நேர்க்கோடாக நின்றது. எனக்கும் பெருமையாக இருந்தது. வர்ணம் என்னும் நீண்ட உருப்படியின் நடுவில் அந்தப் பெண் சட்டென்று திரும்பிய வேகத்தில் மூன்றாவது கணு அறுந்து, கீழ்ப்பாதி மேடையின் ஓரத்தில் போய் விழுந்தது. அவள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. முன்வரிசையில் இருந்த என்னால்தான் தலைநிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மறுநாள் ஆசிரியை அறுந்த துண்டைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு பட்டறைக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். “ஆசாரியே, ஒரு மாசம் கிளாசுக்கு வாரும். ஆட வேண்டாம், உக்காந்து பாத்தாப் போதும்” என்றார்.

சென்றேன். மாலைதோறும் கூடத்தின் மூலையில் அமர்ந்து, முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியில் இடுப்பு எவ்வளவு விரிகிறது, குதித்து இறங்கும்போது ஜிமிக்கி எந்தப் பக்கம் அடிக்கிறது, வியர்வை எங்கே தேங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜடைநாகத்தின் இறுக்கமான கணுக்களுக்குப் பதிலாக இரட்டை வளையம் வைப்பதும், ஒட்டியாணத்தைப் பின்புறம் மூன்றாக மடியும்படி செய்வதும், தலையில் அணியும் தலைசாமானின் அடிப்பக்கத்தில் நெற்றியை அறுக்காதபடி விளிம்பை உருட்டுவதும் அந்த ஒரு மாதத்தில் கிடைத்த பாடங்கள். அசையாத தெய்வத் திருமேனிக்கு நகை செய்துவந்த பரம்பரையில் பிறந்த எனக்கு, ஆடும் உடம்புக்கு நகை செய்யக் கற்றுக்கொடுத்தவர் அவரே. நாட்டியம் சபா மேடைக்கு வந்த காலத்திலேயே எங்கள் முன்னோர் இதைக் கற்றிருக்க வேண்டும். என் தந்தைக்குத் தெரிந்தும் இருக்கலாம். நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

தோவாளையில் மாணிக்கமாலை கட்டும் குடும்பத்தாருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை ஆகியவற்றை மடித்து மடித்துக் கோக்கும் அந்த மாலை, எட்ட நின்று பார்த்தால் கல் பதித்த பட்டை போலவே இருக்கும். பெயரும் அதனால் வந்ததுதான். எங்கள் நகைக்கு முன்பே கிடைத்திருந்த புவிசார் குறியீடு, 2025இல் அதற்கும் கிடைத்தது. நான் நகைக்காரன், அவர்கள் பூவில் செய்வதைப் பார்த்துக் கல்லில் செய்தேன் என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. சிவப்பை நெருக்கி நெருக்கி வைத்தால் கண் சோர்ந்துவிடும், இடையிடையே பச்சை வந்தால்தான் சிவப்பு எழும்பும் என்பதை அந்த நொச்சி இலைதான் காட்டியது. கண்காட்சியில் பலரும் நின்று பார்த்த அட்டிகையில் ஐந்து கெம்புக்கு ஒரு பச்சைக்கல் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. மூன்று நாளும் விடியற்காலையில் மாலை கட்டிக் கொண்டுவந்து, அந்த அட்டிகையின் அருகிலேயே வைத்தார்கள். கூலி வாங்க மறுத்துவிட்டார்கள்.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு என்னைச் சிறுவயதில் அழைத்துச் சென்ற பள்ளி ஓவிய ஆசிரியர் இன்று இல்லை. பிராகாரத் தூண்களில் விளக்கேந்தி நிற்கும் பாவைகளை ஒன்றுபோல் ஒன்று இல்லை என்று காட்டி, அவற்றின் தோள்வளைகளை மட்டும் வரைந்துவரச் சொன்னார். அந்த நோட்டின் பக்கங்களைத்தான் நுழைவாயிலில் ஒட்டியிருந்தோம். அவருடைய மகள் வந்து பார்த்துவிட்டு, தந்தையின் சிவப்பு மைத் திருத்தங்களை விரலால் தொட்டுக்கொண்டு நின்றார்.

தொடக்க நாளில் நாகசுரம் வாசித்தவர்களுக்கும், இரண்டாம் நாள் இரவு வில்லுப்பாட்டு நடத்திய குழுவினருக்கும், கல் பொறுக்கப் பழகிக்கொண்ட பள்ளிப் பிள்ளைகளுக்கும் நன்றி. சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க் கடையொன்று சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தராமல் இழுத்தடித்தபோது, வேண்டாத நகைக்கெல்லாம் முன்பணம் கொடுத்துப் பட்டறையைத் திறந்துவைக்கச் செய்த நடனக் கலைஞர்களை நான் மறக்கவில்லை. அவர்களில் இருவருக்குச் செய்ய வேண்டிய வங்கி என்னும் தோள்நகை இன்னும் என்னிடம் பாக்கி இருக்கிறது. பங்குனிக்குள் முடித்துத் தருகிறேன். முப்பது ஆண்டுகளாக நிறம் பார்த்துக் கல் பிரித்துத் தரும் என் மனைவிக்கு இங்கே நன்றி எழுதினால் சிரிப்பார், ஆயினும் எழுதிவிட்டேன்.

இரவல் வாங்கிய நகைகள் அனைத்தையும் எண்ணி உரிய வீடுகளில் சேர்த்துவிட்டோம். கூடத்தைப் பெருக்கும்போது மேசைக்கு அடியில் ஒற்றை ஜிமிக்கி ஒன்று கிடைத்தது. தொலைத்தவர் அதன் ஜோடியுடன் பட்டறைக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். ஆடிக்கொண்டிருந்த ஒரு கல்லை மட்டும் இறுக்கி வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
வடசேரி கோயில் நகைப் பட்டறை ஆசாரி