துடுப்பெடுத்தாடும் அணியே நடுவரையும் தருவது முறையா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரை வருடப் பிறப்பையொட்டி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நடைபெறும் மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டிகள் பலவும் நடுவரோடு ஏற்படும் வாய்த்தகராறில் முடிவது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் 'நடுவர் நேர்மையில்லாதவர்' என்று ஒரு தரப்பு சொல்லிக்கொண்டு போகிறது. இருபது வருடங்களுக்கும் மேலாக இந்த மைதானங்களில் வெள்ளைத் தொப்பியோடு நின்றவன் என்ற முறையில், நேர்மையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் அந்த மனிதரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று கேட்க விரும்புகிறேன்.

இவ்வருடச் சித்திரையில், பக்கத்து ஊர் மைதானம் ஒன்றில் நடந்த இறுதிப்போட்டியைப் பார்வையாளனாக வேலியோரத்தில் நின்று பார்த்தேன். கடைசி ஓவரில் இரண்டாவது ஓட்டத்துக்கு ஓடிய வீரர் கோட்டுக்கு ஒரு முழம் வெளியே நிற்கும்போதே விக்கெட் காப்பாளர் ஸ்டம்புகளின் மேலிருக்கும் பைல்ஸ் என்ற சிறு கட்டைகளைத் தட்டிவிட்டார். லெக் அம்பயராக, அதாவது துடுப்பாட்ட வீரருக்குப் பக்கவாட்டில் நின்று அந்த முனையைக் கவனிக்கும் நடுவராக நின்றவர், சற்று முன்னர் ஆட்டமிழந்து வெளியே வந்திருந்த அதே துடுப்பாட்ட அணியின் வீரர். அணிச் சட்டையின் மேல் வேறொரு சட்டையைப் போட்டிருந்தார், கழுத்துப் பட்டி மட்டும் வெளியே தெரிந்தது. அவருடைய கண் கையிலிருந்த கைப்பேசியில் இருந்தது. அவர் தலை நிமிர்ந்தபோது பைல்ஸ் நிலத்தில் கிடந்தது. எல்லோரும் அவரையே பார்க்க, 'நொட் அவுட்' என்றார். பந்துவீச்சு முனையில் நின்ற நடுவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்; மற்றவர் பார்க்க வாய்ப்பான இடத்தில் நின்றிருந்தால் அவரைக் கலந்தாலோசிக்கச் சட்டமே இடம் தருகிறது. அவர் கேட்கவில்லை. ஸ்டம்புகள் பிடுங்கப்பட்டன, ஆட்டம் நின்றது, வெற்றிக் கிண்ணம் இன்றுவரை கழக அலுமாரிக்குள் இருக்கிறது.

அந்த இளைஞர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று நான் நம்பவில்லை. தான் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டால் இரவில் தன் கழகத்துக்குள் அவரால் தலைகாட்ட முடியாது. கிரிக்கெட் சட்டங்களின் இரண்டாவது சட்டம் நடுவர்களிடம் முழுமையான பக்கச்சார்பின்மையை எதிர்பார்க்கிறது. ஆட்டம் தொடங்குவதற்கு 45 நிமிடங்களுக்கு முன்னரே மைதானத்துக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆட்டமிழந்துவிட்டு நேரே லெக் அம்பயராகப் போய் நிற்பவரிடம் இந்த இரண்டையும் எப்படி எதிர்பார்ப்பது?

உலகக் கிரிக்கெட்டும் இந்தச் சந்தேகத்தில் நெடுங்காலம் உழன்றுதான் வெளியே வந்தது. உள்நாட்டு நடுவர்கள் சொந்த அணிக்குச் சாய்கிறார்கள் என்ற முறைப்பாடு ஓயாத காலத்தில், 1986 ஆம் ஆண்டு லாகூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட் போட்டிக்குப் பாகிஸ்தான் இரண்டு இந்திய நடுவர்களை அழைத்து நிறுத்தியது. 1994 முதல் ஒவ்வொரு டெஸ்டிலும் ஒரு நடுவர் வெளிநாட்டவராக இருந்தார். 2002 இல் இருவருமே வெளிநாட்டவராயினர். ஒரு நடுவர் மட்டும் வெளிநாட்டவராக இருந்த அந்த இடைக்காலத்தில்தான், 1995 டிசம்பர் 26 ஆம் திகதி மெல்பர்னில், அவுஸ்திரேலிய நடுவர் டெரல் ஹெயார் நம் முரளிதரன் பந்தை வீசாமல் எறிகிறார் என்று கருதி, அவருடைய பந்துகளை ஏழு தடவை 'நோ போல்' (விதிக்குப் புறம்பான பந்து) என்று அறிவித்தார். முரளி மறுமுனைக்கு மாற்றப்பட்டுப் பந்துவீசியபோது, அங்கு நின்ற நியூஸிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் ஒன்றும் சொல்லவில்லை. ஹெயாரின் கணிப்புச் சரியா பிழையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் உள்ளூர்க்காரர் ஒன்றும் வெளியூர்க்காரர் இன்னொன்றும் காணும்போது, பார்ப்பவர் மனதில் முதலில் எழுவது கடவுச்சீட்டைப் பற்றிய கேள்விதான். எங்கள் மைதானத்தில் கடவுச்சீட்டுக்குப் பதில் கழகச் சட்டை.

அதற்காகப் பிழை விடாத நடுவர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2019 உலகக் கிண்ண இறுதிப்போட்டியில் லோர்ட்ஸ் மைதானத்தில் நின்றவர், சர்வதேசக் கிரிக்கெட் பேரவையின் சிறந்த நடுவர் விருதை இரண்டு தடவை பெற்ற நம் நாட்டுக் குமார் தர்மசேன. களத்தடுப்பாளர் எறிந்த பந்து துடுப்பில் பட்டு எல்லைக் கோட்டைத் தாண்டியது. ஆனால் பந்து எறியப்பட்ட கணத்தில் துடுப்பாட்ட வீரர்கள் இரண்டாவது ஓட்டத்துக்காக ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை; அதனால் அந்த ஓட்டம் கணக்கில் சேராது. ஐந்து ஓட்டங்கள் கொடுக்கவேண்டிய இடத்தில் ஆறு கொடுக்கப்பட்டது. தொலைக்காட்சியில் மீண்டும் பார்த்தபோது அது தீர்ப்புப் பிழை என்று அவர் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். யாரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை.

நானும் பிழை விட்டவன். பந்துகளை எண்ண வலது பக்கச் சட்டைப்பையில் ஆறு புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் ஒன்றாக இடது பைக்கு மாற்றுவது என் வழக்கம். ஒருநாள் பை கிழிந்திருந்தது தெரியாமல் ஐந்து பந்துகளிலேயே ஓவரை முடித்துவிட்டேன். அப்போது துடுப்பெடுத்தாடிய அணி ஒரு ஓட்டத்தால் தோற்றது. மறுநாள் சைக்கிளில் போய் அந்த அணித்தலைவரிடம் கிழிந்த பையைக் காட்டினேன். சிரித்துவிட்டுத் தேநீர் தந்தார். நான் எதிரணிக் கழகத்தைச் சேர்ந்தவனாக இருந்திருந்தால் அந்தத் தேநீர் கிடைத்திருக்குமா என்பது வேறு கதை. தவறான தீர்ப்பை உடனடியாக மாற்றிக்கொள்ளவும் நடுவருக்கு உரிமை உண்டு என்பது எங்கள் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது; மாற்றினால் பயந்துவிட்டார் என்று கூவுவார்கள் என்பதால் தெரிந்தவர்களும் மாற்றுவதில்லை.

வீரர்களின் நடத்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுவரின் முடிவுக்கு வெளிப்படையாக அதிருப்தி காட்டுவது 2017 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தொகுப்பின்படி குற்றம். முதலில் எச்சரிக்கை, மறுபடியும் நடந்தால் எதிரணிக்கு ஐந்து ஓட்டங்கள். எங்கள் சுற்றுப்போட்டி விதிமுறைத் தாள்களில் இதை நான் கண்டதில்லை.

கொடுப்பனவு விடயம் இன்னும் சங்கடமானது. போட்டி முடிந்த பின்னர், ஏற்பாட்டுக் கழகத்தின் செயலாளர் கையில் திணிக்கும் கடித உறைதான் நடுவரின் சம்பளம். மத்தியானச் சோறும் அதே கழகத்தின் கூடாரத்துக்குள், அதே கழக வீரர்களோடு. பிற்பகல் அரையிறுதியில் அந்தக் கழகமே ஆடும்போது, காலையில் தோற்ற அணிகள் அந்தச் சோற்றுப் பார்சலை மறப்பதில்லை.

ஆகவே கழகங்களிடமும் பிரதேச விளையாட்டு உத்தியோகத்தர்களிடமும் ஒரு வேண்டுகோள். பங்குபற்றும் ஒவ்வொரு கழகமும் தான் ஆடாத போட்டிகளுக்கு இரண்டு பேரைத் தரட்டும். களுவாஞ்சிக்குடி அணிகள் மோதும்போது ஆரையம்பதியார் நிற்கட்டும், கல்முனையில் அக்கரைப்பற்றார் நிற்கட்டும். கொடுப்பனவை நுழைவுக் கட்டணத்திலிருந்து ஒதுக்கி, நாணயச் சுழற்சிக்கு முன்னரே இரு அணித்தலைவர்களின் முன்னிலையில் கொடுத்துவிடட்டும். கைப்பேசி எல்லைக் கோட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

அடுத்த சித்திரையில் இப்படியொரு சுற்றுப்போட்டி நடக்குமானால், என் ஊர் அணி ஆடாத எந்தப் போட்டிக்கும் லெக் அம்பயராக நிற்க நான் தயார். சோறு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
ஆரையம்பதி.